மொட்டைமாடியில் ஸ்டேபிள்டன்

2012, சித்திரை மாதம். திண்டுக்கல் பக்கம் எங்கள் ஊரில் அப்போது ஒரு நாளில் பாதி நேரம் கரண்ட் இருக்காது. அப்பா அந்த வருடம் தை மாதம்தான் இறந்திருந்தார். அம்மாவைத் தனியாக விட மனமில்லாமல் சென்னை வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்திருந்தேன். இரவில் ஃபேன் நின்றதும் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவேன். ஒரு கையில் டார்ச். இன்னொரு கையில், பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஒரு நாவல். 1937-இல் வெளிவந்த ‘ஸ்டார் மேக்கர்’. எழுதியவர் ஓலாஃப் ஸ்டேபிள்டன் என்ற ஆங்கிலேயர்.

அந்த நாவல் தொடங்குவதும் ஓர் இரவில்தான். மனம் கசந்துபோன ஒருவர் வீட்டிலிருந்து வெளியேறி ஊர்ப்பக்கத்துக் குன்றில் ஏறி உட்கார்கிறார். கீழே தெருவிளக்குகள் தெரிகின்றன. ஜன்னல்களில் வெளிச்சம் தெரிகிறது. அந்த ஜன்னல்களில் ஒன்று அவருடைய வீட்டு ஜன்னல். உள்ளே மனைவி இருக்கிறார். இருவரும் சேர்ந்து கட்டிய அந்தச் சின்ன வாழ்க்கைக்கு, உலகம் இருக்கும் இருப்பில், ஏதாவது அர்த்தம் உண்டா என்று யோசிக்கிறார். பிறகு தலையைத் தூக்கி வானத்தைப் பார்க்கிறார். உடம்பு குன்றிலேயே கிடக்க, மனம் மட்டும் கிளம்பிவிடுகிறது. திரும்பி வருவதற்குள் பிரபஞ்சத்தின் முழு ஆயுளையும் அவர் பார்த்துவிடுகிறார்.

இந்த எழுத்தாளரை எனக்குக் காட்டியவர் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். கல்லூரி நாட்களில் சென்னைப் பழைய புத்தகக் கடை ஒன்றில் அட்டை கிழிந்த ‘சைல்ட்ஹுட்ஸ் எண்ட்’ கிடைத்தது. 1953-இல் வந்த நாவல். அதன் கடைசியில் மனிதக் குழந்தைகள் எல்லாரும் ஒரே மனமாகக் கலந்து, பெற்றவர்களை விட்டு, பூமியையே விட்டுப் போய்விடுவார்கள். படித்து முடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இப்படி ஒரு முடிவை ஒருவருக்கு எழுதத் தோன்றியது எப்படி என்று துருவிக்கொண்டே போனேன். கிளார்க் எதையும் ஒளிக்கவில்லை. தன் வாழ்க்கையில் வேறு எந்தப் புத்தகமும் ஸ்டேபிள்டனின் ‘லாஸ்ட் அண்ட் ஃபர்ஸ்ட் மென்’ அளவுக்குத் தன்னைப் பாதித்ததில்லை என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்.

அந்தப் புத்தகம் 1930-இல் வந்தது. கிளார்க் 1917-இல் இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில், மைன்ஹெட் என்ற கடலோர ஊரில் பிறந்தவர். அந்த ஊர்ப் பொது நூலகத்தில், பதின்பருவத்தின் வாசலில் நின்ற வயதில், அவர் கையில் அது சிக்கியது. புத்தகத்தில் சில காலக்கோடுகள் வரைபடமாக இருக்கும். முதல் கோட்டில் சில ஆயிரம் ஆண்டுகள். அடுத்த கோட்டில் அந்த மொத்தமும் ஒரு துணுக்காகச் சுருங்கிவிடும். அதற்கடுத்ததில் அதுவும் சுருங்கும். கடைசிக் கோட்டில் ‘கோள்கள் தோன்றின’ என்பதும் ‘மனிதனின் முடிவு’ என்பதும் ‘இன்று’ என்ற புள்ளிக்கு இரண்டு பக்கமும் மயிரிழை தூரத்தில் நிற்கும். அந்தக் கோடுகளைப் பொறுமையாகக் கையால் நகலெடுத்ததைக் கிளார்க் பல வருடங்கள் கழித்தும் மறக்கவில்லை.

நானும் எடுத்தேன். நூலகத்தில் எனக்கு அது கிடைக்கவில்லை. ஸ்டேபிள்டன் 1950-இல் இறந்தவர் என்பதால் ஆஸ்திரேலியாவில் அவர் நூல்களின் காப்புரிமை முன்பே முடிந்துவிட்டது. அங்குள்ள குடன்பெர்க் தளத்திலிருந்து இறக்கித்தான் படித்தேன். ஆனால் அந்தக் கோடுகளைத் திரையில் பார்த்தால் போதவில்லை. ஒரு கிராஃப் தாளில் ஸ்கேல் வைத்து வரைந்தேன். வரையும்போதுதான் அதன் கனம் தெரிந்தது. இரண்டாவது கோட்டுக்கு வந்ததும் சிலப்பதிகாரம், சோழர்கள், காந்தி, அப்பா எல்லாரும் ஒரே பென்சில் புள்ளிக்குள் போய்விட்டார்கள். அதுவரை காலத்தின் நீளம் எனக்கு உடம்பில் உறைத்தது பரிபாடலில் மட்டும்தான். இரண்டாம் பாடலில் கீரந்தையார் நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என்று பேரெண்களை அடுக்கி ஊழிகளை அளப்பார். பூவும் நீரும் எண்ணாகிவிடும் அந்த வரிகளில் வரும் தலைசுற்றல் எனக்கு மறுபடி வந்தது அந்தக் கிராஃப் தாளில்.

‘லாஸ்ட் அண்ட் ஃபர்ஸ்ட் மென்’ நூலுக்குக் கதாநாயகன் கிடையாது. உரையாடல் மிகக் குறைவு. இருநூறு கோடி ஆண்டுகளுக்கு அப்பால் நெப்டியூனில் வாழும் கடைசி மனிதர்களில் ஒருவர், நம் காலத்து எழுத்தாளர் ஒருவரின் மூளை வழியாக, மனித இனத்தின் வரலாற்றைச் சொல்கிறார். நாம் முதல் மனிதர்கள். அவர்கள் பதினெட்டாவது இனம். இடையில் பதினாறு இனங்கள் எழுந்து, செழித்து, சீரழிந்து, சில சமயம் விலங்காகவே மாறி, மறுபடி எழுகின்றன.

முதல் மனிதர்களாகிய நாம் நிலக்கரியை எரித்துத் தீர்த்துவிட்டு விழுகிறோம். பல ஆயிரம் ஆண்டுகள் கழித்துத் தலைதூக்கும் இன்னொரு நாகரிகம் அணுசக்தியைக் கண்டுபிடித்துத் தன்னைத்தானே கொளுத்திக்கொள்கிறது. வட துருவத்துக்குப் போயிருந்த ஒரு சிறு குழுவினர் மட்டும் மிஞ்சுகிறார்கள். அவர்களின் வழித்தோன்றல்களிலிருந்து, ஒரு கோடி ஆண்டுகள் போல் கழித்து, பெரிய உடலும் பெரிய மனமும் கொண்ட இரண்டாம் மனிதர்கள் வருகிறார்கள். இவர்களைத் தாக்க வரும் செவ்வாய்வாசிகளுக்குக் கையும் காலும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத துகள்கள் மேகமாகத் திரண்டு, ரேடியோ அலையால் தங்களுக்குள் பேசி, ஒரே மனமாக இயங்குகின்றன. மேகமாக இருப்பவற்றுக்குக் கெட்டியான பொருள்தான் தெய்வம். அதனால் அவை பூமியில் வைரங்களைத் தேடித்தேடி வணங்குகின்றன. இந்த இடத்தில் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நடந்தேன். ஓர் உடல் எப்படியோ அப்படித்தான் அதன் பக்தியும் இருக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியுமா என்று தெரியவில்லை.

மூன்றாம் மனிதர்கள் இசையிலும் உயிர்களை வளைத்து உருவாக்குவதிலும் தேர்ந்தவர்கள். அவர்களே நான்காம் மனிதர்களைச் செய்கிறார்கள். கட்டடம் கட்டி வளர்க்கப்பட்ட பிரம்மாண்ட மூளைகள். அந்த மூளைகள் தங்கள் போதாமையை உணர்ந்து ஐந்தாம் மனிதர்களை வடிவமைக்கின்றன. ஓர் இனம் தனக்கு அடுத்த இனத்தைப் பரம்பரைக் கூற்றை மாற்றி உருவாக்கும் இந்தப் பகுதி, டி.என்.ஏ.வின் அமைப்பு கண்டறியப்படுவதற்கு 23 ஆண்டுகளுக்கு முன்பு எழுதப்பட்டது. பிறகு நிலா பூமியை நெருங்கத் தொடங்குகிறது. ஐந்தாம் மனிதர்கள் வெள்ளிக் கோளின் கடல்நீரை மின்சாரத்தால் பிரித்து ஆக்சிஜன் உண்டாக்கிக் குடியேறுகிறார்கள். அந்தக் கடலுக்குள் முன்பே அறிவுள்ள உயிர்கள் இருக்கின்றன. அவற்றை அழித்துவிட்டுத்தான் குடியேற்றம் நடக்கிறது. செய்தவர்களுக்கே அது ஆறாத புண்ணாகிவிடுகிறது. ஸ்டேபிள்டன் அதை மறைக்கவும் இல்லை, ஒரேயடியாகத் தீர்ப்புச் சொல்லவும் இல்லை.

சரி, குறையும் சொல்ல வேண்டும். முதல் சில அத்தியாயங்கள் 1930-க்கு அடுத்து வரும் காலத்தைப் பேசுகின்றன. அவற்றில் ஜெர்மனி சமாதானத்தை விரும்பும் நாடாக வருகிறது. புத்தகம் வந்து மூன்று ஆண்டுகளில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்துவிட்டார். அந்த அத்தியாயங்களைத் தாண்டிவிட்டுப் படியுங்கள் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பக்கத்தில் இருக்கும் பத்து ஆண்டுகளைத் தப்பாகக் கணித்த அதே கைதான், இருநூறு கோடி ஆண்டுகளை நம்பும்படி எழுதியது. தொடக்கத்தில் சில நூற்றாண்டுகளுக்கு எத்தனையோ பக்கங்கள் பிடிக்கின்றன. போகப்போக ஒரே பத்தியில் ஓர் இனமே கடந்துபோகிறது. அந்த வேகம் கூடுவதை உணர வேண்டுமானால் மெதுவான பகுதியை நடந்தே கடக்க வேண்டும். மேலும், முன்னுரையிலேயே அவர் சொல்லிவிடுகிறார்: இது ஆரூடம் கிடையாது, ஒரு புராணத்தை உருவாக்கும் முயற்சி. புராணத்தைப் படிக்கும் மனத்தோடு படித்தால் ஜெர்மனி உறுத்தாது.

இதையெல்லாம் எழுதியவர் யார்? 1886-இல் லிவர்பூல் அருகே வாலசி பகுதியில் பிறந்தவர். அப்பாவின் கப்பல் தொழிலால் முதல் ஆறு ஆண்டுகள் எகிப்தின் போர்ட் சயீது துறைமுகத்தில் கழிந்தன. ஆக்ஸ்ஃபோர்டில் படித்தார். முதல் உலகப்போர் வந்தபோது துப்பாக்கி ஏந்த மறுத்தார். வீட்டில் இருக்கவும் மனம் ஒப்பவில்லை. 1915-இலிருந்து 1919 வரை போரை ஏற்காத கிறித்தவப் பிரிவினரான குவேக்கர்களின் ஆம்புலன்ஸ் படையில் சேர்ந்து, போர்முனையிலிருந்து காயம்பட்டவர்களை ஏற்றிவரும் வண்டியை ஓட்டினார். பிரெஞ்சு அரசு அவருக்குப் பதக்கம் கொடுத்தது. பிறகு தத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கி, லிவர்பூல் வட்டாரத்தில் தொழிலாளர்களுக்கான மாலை வகுப்புகளில் பாடம் எடுத்தார். அவருடைய நடையில் அந்த வகுப்பறை இருக்கிறது. நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பெரிய விஷயத்தைப் பொறுமையாக விளக்கும் குரல் அது.

அறிவியல் புனைகதை என்று ஒரு வகை இருப்பதோ, அதற்கென்று அமெரிக்காவில் பத்திரிகைகள் நடப்பதோ அவருக்கு 1930-களின் நடுப்பகுதி வரை தெரியாது. சக எழுத்தாளர் ஒருவர் கொண்டுவந்து காட்டிய பிறகுதான் பார்த்தார். எந்த வகைக்குள் தன் பெயர் இன்றைக்கு வைக்கப்படுகிறதோ அந்த வகையை அறியாமலேயே அதன் அடித்தளத்தில் பாதியைப் போட்டுவிட்டார்.

இந்தக் கற்பனை அவருக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? ஒரு விதை கடற்கரையில் கிடைத்தது. வேல்ஸ் நாட்டு ஆங்கில்சி தீவில் மனைவியோடு விடுமுறைக்குப் போனபோது, செங்குத்தான பாறைக்குக் கீழே கடல்நாய்கள் வெயில் காய்ந்து நெளிந்துகொண்டிருப்பதைப் பார்த்தார். அவற்றின் அசைவில் மனிதச் சாயல் இருந்தது. அந்த இடத்தில்தான் ‘லாஸ்ட் அண்ட் ஃபர்ஸ்ட் மென்’ மனத்தில் விழுந்தது. நூலுக்குள் மனித வழித்தோன்றல்கள் கடல்நாயைப் போலாகிவிடும் பகுதியைப் படிக்கும்போது அந்தப் பாறை என் கண்ணில் வந்துபோகும்.

இன்னொரு விதை ஒரு கட்டுரை. உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் 1927-இல் வெளியிட்ட ‘பாசிபிள் வேர்ல்ட்ஸ்’ தொகுப்பில் ‘தி லாஸ்ட் ஜட்ஜ்மெண்ட்’ என்று ஒன்று உண்டு. வெள்ளிக் கோளில் வாழும் எதிர்கால மனிதர்கள் தங்கள் குழந்தைகளுக்குப் பூமி அழிந்த கதையைச் சொல்வதுபோல் எழுதப்பட்டது. கடல் ஏற்ற இறக்கத்தின் (ஓதத்தின்) ஆற்றலை அளவில்லாமல் உறிஞ்சியதால் நிலா நெருங்கி வந்து நொறுங்குகிறது. வெள்ளியில் பிழைப்பதற்கென்றே உடல் மாற்றி வளர்க்கப்பட்டவர்கள் அங்கே போகிறார்கள். ஸ்டேபிள்டன் எங்கிருந்து எடுத்தார் என்பதில் சந்தேகமே வேண்டாம். இந்த ஹால்டேன்தான் பின்னாளில், 1957-இல், இங்கிலாந்தை விட்டு இந்தியாவுக்கு வந்து இந்தியக் குடிமகனாகி, 1964-இல் புவனேசுவரத்தில் இறந்தவர். அவருடைய தங்கை நேயோமி மிச்சிசன் ஸ்டேபிள்டனின் நண்பர். டோல்கீனின் மாயப்புனைவு நாவல் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ அச்சாகும் முன்பே அதன் மெய்ப்பைப் படித்தவரும் அவர்தான். அந்தக் காலத்து இங்கிலாந்தில் அறிவியல் புனைவு, மாயப்புனைவு என்ற இந்த இரண்டு மரபுகளும் ஒரே வரவேற்பறையில் உட்கார்ந்து தேநீர் குடித்திருக்கின்றன.

மூன்றாவது, எல்லாவற்றுக்கும் பெரியது, எச்.ஜி. வெல்ஸ். 1895-இல் வந்த ‘தி டைம் மெஷின்’ நாவலின் கடைசியில், அணையும் சூரியனுக்குக் கீழே ஒரு வெறிச்சோடிய கடற்கரை வரும். மனித இனம் இரண்டாகப் பிரிவதும் அதில் உண்டு. செவ்வாய்வாசிகளின் படையெடுப்பை 1898-இல் புத்தகமாக்கியவரும் வெல்ஸ்தான். இத்தனை கடன் பட்டிருந்தும் தன் நூலில் ஏன் வெல்ஸுக்கு நன்றி சொல்லவில்லை என்பதற்கு 1931-இல் அவருக்கே எழுதிய கடிதத்தில் ஸ்டேபிள்டன் காரணம் சொன்னார். அந்தக் கடன் அத்தனை பெரியது, அத்தனை வெளிப்படையானது, அதனாலேயே அது தன் கண்ணில் படவில்லை என்றார். எல்லாரோடும் சேர்ந்து சுவாசிக்கும் காற்றுக்கு யாரும் கடன் கணக்கு எழுதி வைப்பதில்லையே என்றார்.

இலக்கியத்தில் தாக்கம் என்பதைப் பற்றி நான் படித்தவற்றில் இதற்கு மேல் ஒன்று இல்லை. நாம் பொதுவாக யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று திருட்டு வழக்குப் போல விசாரிக்கிறோம். காற்றாகிவிட்ட ஒருவரை அப்படிப் பிடிக்க முடியாது. பிற்பாடு ஸ்டேபிள்டனுக்கும் இதேதான் நடந்தது. அவர் பெயரே தெரியாமல் அவரைப் படித்துக்கொண்டும் பார்த்துக்கொண்டும் இருக்கிறோம்.

‘ஸ்டார் மேக்கர்’ அதற்கு நல்ல சாட்சி. முந்தைய நூலின் இருநூறு கோடி ஆண்டுகள் இதில் ஒரு கண்சிமிட்டல்தான். குன்றிலிருந்து கிளம்பிய மனம் உலகம் உலகமாகப் போகிறது. ஓர் உலகத்தில் சுவைதான் முதன்மைப் புலன். அங்கே இனப்பகை கூடச் சுவையை வைத்துத்தான். இன்னொன்றில் மீனைப் போன்ற ஓர் இனமும் சிலந்தியைப் போன்ற ஓர் இனமும் நெடுங்காலம் ஒன்றையொன்று கொன்றுவிட்டு, கடைசியில் ஒன்றில்லாமல் மற்றொன்று வாழ முடியாத துணையாகிவிடுகின்றன. மரம்போல வேர்விட்டு வெயிலில் தியானிக்கும் மனிதர்கள், உடலே பாய்மரக் கப்பலாக வளர்ந்த உயிர்கள், ஒரு பறவைக் கூட்டம் முழுதும் சேர்ந்து ஒரே மனமாக இருப்பது. இவை ஒவ்வொன்றும் இன்னொருவர் கையில் தனி நாவலாகும். இவரோ சில பக்கங்களில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். நட்சத்திரங்களுக்கே உயிர் இருப்பதும், அவை தம்மைத் தள்ளி நகர்த்தும் கோள்வாசிகளைச் சினந்து எரிப்பதும் பிறகு வரும்.

போகிற போக்கில் ஒரு வாக்கியம் வருகிறது. முன்னேறிய உலகங்கள் தங்கள் சூரியனைச் சுற்றி ஒளியைப் பிடிக்கும் பொறிகளால் வலை போட்டு, வெளியே வீணாகப் போகும் ஆற்றலைப் பிடித்துக்கொள்கின்றன, அதனால் அந்த நட்சத்திரக் கூட்டமே மங்கிவிடுகிறது என்று. நம் சூரியன் கொட்டும் ஒளியில் பூமிக்கு வந்து சேர்வது ஏறக்குறைய இருநூறு கோடியில் ஒரு பங்குதான் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த வலையின் தேவை புரியும். ஃப்ரீமன் டைசன் என்ற இளம் கணித மாணவர் 1945-இல் லண்டன் பேடிங்டன் ரயில் நிலையத்தில் இந்த நாவலின் பழைய பிரதி ஒன்றை வாங்கினார். 1960-இல் ‘சயின்ஸ்’ இதழில் சிறு கட்டுரை எழுதினார். அப்படி வலை போட்ட நட்சத்திரம் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் மங்கினாலும், உறிஞ்சிய வெப்பத்தை எங்காவது வெளியேற்றித்தான் ஆக வேண்டும். எனவே அகச்சிவப்புக் கதிரில் தேடுங்கள் என்றார். இன்று உலகமே அதை ‘டைசன் கோளம்’ என்கிறது. அந்த யோசனை ஸ்டேபிள்டனுடையது என்று டைசன் வலியுறுத்திச் சொல்லியும் பெயர் மாறவில்லை. வானியலாளர்கள் அதைத் தொலைநோக்கித் தரவுகளில் இன்னமும் தேடுகிறார்கள்.

எல்லா வாரிசுகளும் ஆமோதித்து வந்தவர்கள் இல்லை. கிறித்தவ நம்பிக்கையில் ஊறிய ஆங்கில எழுத்தாளர் சி.எஸ். லூயிஸ் சண்டை போட்டு வாரிசானார். வெள்ளிவாசிகளைக் கொன்றுவிட்டுக் குடியேறும் மனிதர்களைப் படித்தபோது அவருக்குப் பொறுக்கவில்லை. ஹால்டேனின் கட்டுரையும் ஸ்டேபிள்டனின் நூலும்தான் 1938-இல் வந்த தன் ‘அவுட் ஆஃப் தி சைலண்ட் பிளானட்’ நாவலைத் தூண்டின என்று அவரே எழுதியிருக்கிறார். கோள் கோளாகத் தாவி, எதிர்ப்பட்ட உயிரையெல்லாம் அழித்தாவது மனித இனம் நீடிக்க வேண்டும் என்று அதில் ஒரு விஞ்ஞானி முழங்குவார். அது ஸ்டேபிள்டனுக்குச் சொன்ன பதில். ‘ஸ்டார் மேக்கர்’ முடிவைச் சாத்தான் வழிபாடு என்றே லூயிஸ் ஒரு கடிதத்தில் சொன்னார். ஆனால் 1945-இல் வந்த இன்னொரு நாவலின் முன்னுரையில், ஸ்டேபிள்டனின் கற்பனை வளத்திடம் கடன் வாங்க வெட்கப்பட மாட்டேன், தத்துவத்தோடுதான் உடன்பாடில்லை என்று எழுதினார். ராக்கெட் கனவுகளோடு இருந்த கிளார்க்குக்கும் லூயிஸுக்கும் இதே விஷயத்தில் கடிதப் போர் நடந்தது. பிறகு ஆக்ஸ்ஃபோர்டு மதுக்கடை ஒன்றில் இருவரும் நேரில் சந்தித்தார்கள். லூயிஸ் தன் பக்கத்துக்கு டோல்கீனை அழைத்து வந்திருந்தார். அந்த மேசையில் பேசியது எதுவும் முழுசாகப் பதிவாகவில்லையே என்று எனக்கு இன்னமும் ஏக்கம் உண்டு.

அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ் ‘ஸ்டார் மேக்கர்’ ஸ்பானிஷ் பதிப்புக்கு 1965-இல் முன்னுரை எழுதினார். போலந்து எழுத்தாளர் ஸ்டானிஸ்லாவ் லெம் தன் ஆய்வு நூலில் ஸ்டேபிள்டனை நீளமாக எடுத்துப் பேசினார். பிரிட்டிஷ் நாவலாசிரியர் டோரிஸ் லெஸ்ஸிங் 1979-இல் தன் விண்வெளி நாவல் வரிசையைத் தொடங்கும்போது, ‘தீவிர’ நாவலை ஓர் அலமாரியிலும் ஸ்டேபிள்டனின் நூலை வேறோர் அலமாரியிலும் வைக்கும் மனப்பான்மை மிகத் தவறானது என்று முன்குறிப்பில் எழுதினார். கிளார்க்கைப் பற்றி முன்பே சொல்லிவிட்டேன். அவர் 1956-இல் இலங்கையில் குடியேறி 2008-இல் கொழும்பில் இறக்கும்வரை எழுதிய பலவற்றிலும் மைன்ஹெட் நூலகத்தின் அந்தப் பிரதி இருக்கிறது.

ஆனால் இத்தனை பேரும் எடுத்துக்கொண்டதைக் கூட்டிப் பார்த்தால் ஒன்று விடுபட்டிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. டைசன் ஒளிவலையை எடுத்தார். கிளார்க் மனித இனம் தன்னைக் கடந்துபோவதை எடுத்தார். லூயிஸ் பகையை எடுத்தார். போர்ஹெஸுக்கு உலகங்களின் பன்மை போதுமாக இருந்தது. பின்னால் வந்த திரைப்படங்களும் நாவல்களும் அந்தப் பிரம்மாண்டத்தை அள்ளிக்கொண்டன. குன்றை யாரும் எடுக்கவில்லை. கீழே தெரியும் அந்த ஒற்றை ஜன்னலை யாரும் எடுக்கவில்லை.

ஸ்டேபிள்டனுக்கோ அதுதான் அளவுகோல். அவர் மனைவி ஆக்னஸ் அவருக்குத் தாய்மாமன் மகள், ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். போர் முடியும்வரை ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டே இவர் பிரான்சிலிருந்து எழுதினார், அவர் சிட்னியிலிருந்து எழுதினார். ஒரு கடிதம் கப்பலில் போய்ச்சேர வாரக்கணக்கில் ஆகும். கேள்வி கேட்டவருக்குப் பதில் வருவதற்குள் கேள்வியே பழசாகியிருக்கும். 1919-இல்தான் கல்யாணம் நடந்தது. உலகத்தின் பாதிச் சுற்றளவுக்கு அப்பால் இருக்கும் ஒருவரோடு, பீரங்கிச் சத்தத்துக்கு நடுவே, ‘நாம்’ என்று ஒன்றைக் கட்டிக் காப்பாற்றிய மனிதர் அவர். ‘ஸ்டார் மேக்கர்’ நாவலில் உலகங்கள் ஒன்றையொன்று தேடித் தடவி மனத்தால் தொட முயல்வதை எழுதும்போது அவர் கையில் அந்தக் கடிதங்களின் பழக்கம் இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

நாவலின் உச்சியில் பிரபஞ்சம் முழுதும் ஒரே மனமாகி, தன்னைப் படைத்தவனை நிமிர்ந்து பார்க்கிறது. அன்பை எதிர்பார்த்து. அங்கே அன்பு இல்லை. படைத்தவன் ஒரு கலைஞன். செய்து பழகிய பழைய பிரபஞ்சங்களை ஒதுக்கிவிட்டு அடுத்ததைச் செய்துகொண்டிருக்கிறான். நம் பிரபஞ்சத்தையும் அவன் தெளிந்து பார்க்கிறான், மதிக்கிறான், ஆனால் இரங்குவதில்லை. அப்பா போன மூன்றாம் மாதத்தில் இதைப் படித்த எனக்கு லூயிஸின் கோபம் நன்றாகவே புரிந்தது. ஆனால் நாவல் அங்கே முடியவில்லை. அந்த மனிதர் மறுபடி குன்றில் கண்விழிக்கிறார். 1937-இன் ஐரோப்பா கீழே கிடக்கிறது. ஸ்பெயினில் போர். ஜெர்மனியில் கைகள் உயர்ந்து நிற்கின்றன. இன்னொரு பெரும்போர் வரப்போகிறது என்று அவருக்குத் தெரிகிறது. அப்போது வழிகாட்ட இரண்டே விளக்குகள் இருப்பதாகச் சொல்கிறார். ஒன்று, இருவர் சேர்ந்து வாழும் அந்தச் சிறு வீட்டின் வெளிச்சம். மற்றது, நட்சத்திரங்களின் குளிர்ந்த ஒளி.

இதே கேள்வியை அவர் கடைசிவரை விடவில்லை. 1948-இல் கிளார்க்கும் நண்பர்களும் நடத்திவந்த பிரிட்டிஷ் விண்வெளிப் பயணச் சங்கம் அவரைப் பேச அழைத்தது. ராக்கெட் பொறியாளர்கள் நிறைந்த அவையில் ‘கோள்களுக்கிடையே மனிதன்?’ என்று தலைப்புக் கொடுத்தார். கேள்விக்குறி அவர் போட்டதுதான். போய்விடலாம், சரி, போய் என்ன செய்யப் போகிறோம் என்று கேட்டார்.

அந்தச் சித்திரை இரவில் கடைசிப் பக்கத்தை முடித்தபோது டார்ச்சின் பேட்டரி மங்கிப்போயிருந்தது. அணைத்துவிட்டுப் படுத்தேன். ஊரே இருட்டு. தென்கிழக்கில் விருச்சிகம் ஏறிவந்திருந்தது. அதன் நடுவில் சிவப்பாகக் கேட்டை. சுமார் 550 ஒளியாண்டு தூரம். அன்று என் கண்ணில் பட்ட ஒளி அங்கிருந்து கிளம்பியபோது மதுரையில் நாயக்கர் ஆட்சியே வந்திருக்கவில்லை. கேட்டை அம்மாவின் நட்சத்திரம். சின்ன வயதில் கோயிலில் அர்ச்சனைக்கு அப்பா எங்கள் நட்சத்திரங்களை வரிசையாகச் சொல்லும்போது அம்மாவின் பெயரைத்தான் முதலில் சொல்வார். கீழே தெரு இருந்த பக்கம் எதுவும் தெரியவில்லை. ஸ்டேபிள்டனின் ஆளுக்காவது பார்க்க ஒரு ஜன்னல் இருந்தது.

எத்தனை நேரம் அப்படிக் கிடந்தேனோ. திடீரென்று தெருவில் பிள்ளைகள் ஹோவென்று கத்தினார்கள். கரண்ட் வந்துவிட்டது. வீட்டுக்கு வீடு ட்யூப்லைட் துடித்துத் துடித்து எரிந்தது. எங்கள் அடுப்படி ஜன்னல் வெளிச்சம் பின்முற்றத்துத் துவைக்கும் கல்மேல் விழுந்தது. மேலே பார்த்தேன், விருச்சிகத்தின் வால் காணாமல் போயிருந்தது. கேட்டை மட்டும் மங்கலாக இருந்தது.

“கரண்ட் வந்துருச்சுய்யா, இறங்கி வா,” என்று அம்மா கீழே இருந்து கூப்பிட்டார். “நீ வந்தாத்தான் கல்லைப் போடணும்.”

பாயைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன்.